ஏழு துடிப்புக்கு ஒன்று

பொழிச்சலூர்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஜான்சி மேடம் அவர்களுக்கு,

வணக்கம். 'இவ்விடம் நலம்' என்று தொடங்கி, அடித்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் உங்கள் உடலியங்கியல் மாணவி நித்யஸ்ரீயின் அப்பா. சூர்யநாராயணன். முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றாயிற்று. சிவப்பு மையைப் பார்த்தால் மட்டும் இன்னும் கை துறுதுறுக்கும். அவளுடைய ரெக்கார்டு நோட்டில் எழுதியிருந்தீர்கள்: 'எண்ணுவதில் கவனமில்லை. மீண்டும் செய்க.' இருபதுக்கு எட்டு.

மேடம், அவள் சரியாகத்தான் எண்ணினாள்.

வீட்டில் ஒருவரின் நாடித்துடிப்பை ஒரு வாரம் எண்ணி வரச் சொன்னீர்கள். தவளையை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் அறுக்கிறார்களாம். அந்தச் சலுகை அப்பாக்களுக்கு இல்லை. மணிக்கட்டை நீட்டினேன். முதல் நாளே, "அப்பா, நடுவுல ஒண்ணு விடுதே?" என்றாள். "ஃப்ளைட் போச்சும்மா, அந்தச் சத்தத்துல நீ விட்டுட்டே" என்றேன். விமானங்கள் எங்கள் மொட்டைமாடியைத் தொடாத குறையாகத்தான் இறங்கும், அதனால் நம்பினாள். மறுநாளும் விட்டது, மறுநாளும் ஃப்ளைட். மூன்றாம் நாள், தாம்பரத்தில் அவள் சிநேகிதி சுஜி வீட்டில் வைத்து எண்ணலாம் என்று இழுத்துப்போனாள். அங்கே விமானப்படைக்காரர்கள் பயிற்சிக்குக் கிளம்பினார்கள். அவர்களுக்கு என் நன்றி. விடுவாளா? ஞாயித்துக்கிழமை பஸ் ஏத்தி படப்பைக்கே கூட்டிக்கிட்டுப் போயிட்டா. எங்க ஸ்கூல்ல பியூனா இருந்த சின்னப்பன் வீடு. வானம் சுத்தம். ஒரு காக்கா கூட இல்ல.

"இன்னா சார், பாப்பா உங்க கைய புடிச்சிகினே கீது? ஓடிப்பூடுவீங்கன்னு பயமா?" என்றான் சின்னப்பன்.

நான் மட்டும் சிரித்தேன். நிமிஷம் முடிந்துவிட்டது. அவள் விரலை எடுக்கவில்லை.

பஸ்ஸில் சொன்னேன்: "சுஜி அப்பாவுக்கு ஏழு நாளும் எழுபத்திரண்டு. நீயும் அதையே போட்டுடு."

"காப்பி அடிச்சான்னு எத்தனை பசங்கள வெளிய அனுப்பியிருக்கீங்கப்பா?"

உள்ளதை உள்ளபடி எழுதினாள். நீங்கள் அதைச் சிவப்பு மையால் அடித்தீர்கள். அன்றிலிருந்து அவள் தன் விரலைத்தான் சந்தேகப்படுகிறாள். எனக்கு அது வசதி. அந்த வசதிதான் பொறுக்கவில்லை.

உண்மை இது. ஏழு துடிப்புக்கு ஒன்று விடுகிறது. தீபாவளியிலிருந்து. எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும். அடுத்த மாதம் அவளுக்குத் தேர்வு. பாடமே இதயம். அது அப்பாவுடையது என்றால் எப்படிப் படிப்பாள்?

ஆகவே இரண்டு வேண்டுகோள். அவள் எண்ணியது சரி என்று மதிப்பெண் போடுங்கள். அவளிடம் மட்டும் தப்பு என்றே சொல்லிவிடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறது. கணக்கு வாத்தியாருக்குத் தெரியாமலில்லை.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் நாடி ஒரே சீராக ஓட வேண்டுகிறேன்.

பணிவுடன்,
சூர்யநாராயணன்

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடிப் போனேன். திரும்பி வந்தால் கடிதம் அவள் கையில். முகத்தைக் காட்டவில்லை. "செருப்பப் போடுங்கப்பா" என்கிறாள். ஆஸ்பத்திரிக்கு. ஆட்டோ வாசலில் நிற்கிறது. எனவே இரண்டாவது வேண்டுகோளை அடித்துவிடவும். முதலாவது அப்படியே.

மேலே நான் எழுதிய 'ஏழு துடிப்புக்கு' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, 'ஆறு' என்று திருத்தியிருக்கிறாள். செருப்பு மாட்டியபடியே எண்ணிப் பார்த்தேன்.

ஆறுதான், மேடம்.