மூச்சு விடும் போன்

மகளுக்கென்று வாங்கிய அவசரப் போன் முதல் நாளே மூச்சு விட்டது.

அதற்கு அழைத்திருந்த லிப்ட் மெக்கானிக் தன் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவே, லிப்டின் கூரைமேல், தோளில் டூல்ஸ் பையோடு நின்றிருந்தார். மதியம் பன்னிரண்டு மணி. பதினோரு வயது மகள் வகுப்பில் இருக்கவேண்டிய நேரம். போனில் டீச்சர் குரலும் இல்லை, பிள்ளைகள் சத்தமும் இல்லை. யாரோ ஒரு தடியன் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

நேற்றுக் கடையில் இருந்ததிலேயே மலிவான போன் அது. மூன்றே பொத்தான். அப்பா, அம்மா, பள்ளிக்கூடம்.

"ஒரு தடவை சார்ஜ் போட்டா ஒரு வாரம் நிக்கும் சார். நீங்க கூப்பிட்டா மணி அடிக்காது, தானாத் திறந்துக்கும். பொண்ணைச் சுத்தி என்ன நடக்குதுன்னு சத்தமில்லாம கேட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"எனக்கு எதுக்குப்பா? எனக்குத்தான் பயமே இல்லையே" என்றாள் மகள்.

"ஆபத்து சொல்லிட்டா வருது? போன வாரம் நான் லிப்டுல, இருட்டுல மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் கத்தினேனே, என் போன்ல சார்ஜ் இருந்துச்சா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகள் சிரிக்கவில்லை.

இப்போது அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"பாப்பா?" என்றார் மெதுவாக.

ஒரு நொடி கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு கரகரத்த குரல் "பாப்பா" என்றது.

மனைவிக்குப் போன் போட்டார். அவள் பள்ளிக்கூடத்தில் விசாரித்துவிட்டுத் திரும்ப அழைத்தாள்.

"பத்திரமா இருக்கா. ஆபீஸ் ரூம்லயே உட்கார வச்சிருக்காங்க. ஆனா போன் அவகிட்ட இல்லையாம். எங்கேன்னு கேட்டா, அப்பாகிட்டதான் சொல்வேன்னு அடம் பிடிக்கறாளாம். ஆமா, நீங்க ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க?"

போன உயிர் பாதி திரும்பி வந்தது. ஆனால் அந்தத் தடியன் யார்? என் பிள்ளையை மிரட்டி வைத்திருக்கிறானா? மறுபடியும் அழைத்தார். அதே மூச்சு. அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

நன்றாகக் கேட்கட்டுமென்று லிப்டின் ஸ்விட்சை அணைத்தார். மோட்டார் நின்றது. கூடவே விளக்கும் போய், கும்மிருட்டு. போனில் உறுமலும் நின்றது.

அவனும் காது கொடுத்துக் கேட்கிறான்!

"யாருடா நீ?"

"யாருடா நீ?"

"போலீசுக்குப் போவேன்!"

"போலீசுக்குப் போவேன்!"

திருட்டுப் பயலுக்கு என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! ஆத்திரத்தில் கையை ஓங்கினார். கையிலிருந்த ஸ்பேனர் நழுவி, மாடி மாடியாக மோதிக்கொண்டே கீழே போனது. டணங். டணங். டணங்.

ஒரு நொடி கழித்து போனுக்குள்ளும் டணங்.

அவன் பள்ளிக்கூடத்தில் இல்லை. இங்கே, இதே இருட்டில், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான். ஸ்விட்சைத் தடவிப் போட்டார். எதுவும் அசையவில்லை, விளக்கும் வரவில்லை; விழுந்த ஸ்பேனர் எதையோ உடைத்திருக்க வேண்டும். மனைவியைக் கூப்பிடலாமென்றால், அவர் போன் ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. நேற்றும் சார்ஜ் போட மறந்திருந்தார்.

டார்ச்சுக்காகப் பைக்குள் கையை விட்டார். வெதுவெதுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. அலறாத குறையாக வெளியே இழுத்தார்.

பச்சை வெளிச்சத்தில் மூன்று பொத்தான்கள்.

இவ்வளவு நேரம் மிரட்டிக்கொண்டிருந்த தடியன் யாரென்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் பொத்தான் அவருக்கே போகும், அவரோ அணைந்து கிடக்கிறார். மூன்றாவதை அழுத்தினார். பள்ளி ஆபீஸில் யாரோ எடுத்து, மகளிடம் கொடுத்தார்கள். எப்படி இந்தப் போன் என் பைக்கு வந்தது என்று அவர் அதட்டுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"என்னப்பா, மறுபடியும் இருட்டுல மாட்டிக்கிட்டீங்களா? பயப்படாதீங்க, அதுக்குத்தானே உங்க பையில போட்டேன்."