புருஷனே வந்து கேட்டாலும்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

யோகா வகுப்பு நடத்திக் காலம் தள்ளும் உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் உங்கள் பெற்றோரும் நலம் என்றுதான் கேள்வி. நேரில் போய்ப் பார்த்துச் சொல்லும் நிலையில் நான் இல்லை. அதற்குக் காரணம் நீங்கள். மரியாதையோடுதான் சொல்கிறேன்.

போன தடவை வந்தபோது சைக்கிள் கடை மாடியில் நடக்கும் என் வகுப்பைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். பார்த்தீர்கள். சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாய்களின் ஓரத்தில் நான் மார்க்கரால் 'கழுத்து', 'மூச்சு', 'இடுப்பு' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் பேயறைந்தது போல் நின்றீர்கள். எனக்கு அது பாய் அடையாளம், அவ்வளவுதான். இடுப்புக்காரர் ஒரு நாள் வராவிட்டால் கழுத்துக்காரம்மா விசாரிப்பார், யாருக்கும் ஒரு மனக்குறையும் கிடையாது. ஆனால் நீங்கள் தகவல் பாதுகாப்பு ஆபீஸில் வேலை பார்ப்பவர். ஊருக்குக் கிளம்புவதற்குள் நாலு பக்கத்துக்கு விதிமுறை தட்டி என் தலையில் கட்டினீர்கள். தேவையில்லாததைக் கேட்காதே, கேட்டதைப் பூட்டி வை, யாரிடமும் வாயைத் திறக்காதே, அழிக்கச் சொன்னால் அழி. போதாக்குறைக்கு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "புருஷனே வந்து கேட்டாலும் பொண்டாட்டி விவரத்தைச் சொல்லக் கூடாது மாமா" என்றீர்கள். வீட்டு மாப்பிள்ளை சொன்ன வார்த்தை. தட்ட முடியுமா?

தின்னர் வாங்கி வந்து எல்லாப் பாயையும் துடைத்தேன். இப்போது எல்லாம் ஒரே நீலம், எது யாருடையது என்று தினமும் பஞ்சாயத்து. அது போகட்டும். முன்பெல்லாம் "இடுப்பு வலிக்காரங்க குனியாதீங்க" என்பேன், வேலை முடிந்தது. இப்போது அப்படிச் சொன்னால் யாருக்கு இடுப்பு வலி என்று அம்பலமாகிவிடுமே என்று, "குனியக் கூடாதவங்க குனிய வேண்டாம், யாருன்னு அவங்கவங்களுக்கே தெரியும்" என்றேன். குனியாமல் நின்றால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்று அத்தனை பேரும் குனிந்தார்கள், பாங்க் காஷியர் உள்பட. எல்லோரும் நிமிர்ந்தார்கள், அவர் நிமிரவில்லை. எதிர் கிளினிக் டாக்டரம்மா ஓடி வந்து இவருக்கு ஏற்கெனவே என்ன தொந்தரவு என்று கேட்டார். அவர் சம்மதம் இல்லாமல் சொல்வதற்கில்லை என்றேன். காஷியர் தரையைப் பார்த்தபடியே, "சொல்லித் தொலைங்க சார்" என்றார். வாய்ச்சொல் போதுமா, கையெழுத்து வேண்டுமா என்று உங்கள் மூன்றாம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் கடைக்காரர் வந்து அவரை அப்படியே அலாக்காகத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டார். காஷியர் பாங்கில் இப்போது என் செக்கை மட்டும் கடைசியாகத்தான் பார்க்கிறார்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். உங்கள் வீட்டு விஷயம்தான் என் உயிரை எடுக்கிறது. உங்கள் அம்மாவுக்கு வலது தோளைத் தூக்க வரவில்லை. (இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.) காலை வகுப்பில் சேர்ந்தார். "இவருக்குத் தெரிய வேண்டாம் சம்பந்தி. தெரிஞ்சா சமையலுக்கு ஆள் வெச்சிடுவார், அப்புறம் என் அடுப்படி என்னுது இல்ல" என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன். மறு வாரமே உங்கள் அப்பா மாலை வகுப்பில் சேர்ந்தார், முழங்கால். (இதையும் சொல்லவில்லை.) அவளுக்குத் தெரிந்தால் என் சைக்கிளை விற்றுவிடுவாள் என்றார். அதற்கும் சரி என்றேன். காலையில் ஒருவர் பையும் கையுமாகக் கிளம்புகிறார், மாலையில் இன்னொருவர். இரண்டு பேரும் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி, கடைக்குப் போனேன் என்கிறார்களாம். சந்தேகம் வராமல் இருக்குமா? உங்கள் அப்பா என்னைத் தெருவில் மடக்கி, உன் வகுப்புக்கா வருகிறாள் என்று கேட்டார். வருகிறார் என்றும் சொல்ல மாட்டேன், வரவில்லை என்றும் சொல்ல மாட்டேன் என்றேன். உங்கள் அம்மா கேட்டபோதும் அதையே ஒப்பித்தேன். விளைவு, அந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அங்கே வேறு ஊரில் உங்களோடு இருக்கும் என் மகளுக்குப் போன் போட்டு, "அவரைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்று உங்கள் அம்மா சொல்வாராம். அவள் உடனே உங்கள் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம். ஆபீஸ் வேலைக்கு நடுவில் அந்தப் பெண் எத்தனை தடவைதான் இந்தத் தூது போவாள்? அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டு, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றும் சொல்வதற்கில்லை என்று ஆரம்பித்தேன். "நீங்க எனக்கு அப்பாதானா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். மாப்பிள்ளை, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் ஒரு நாள் காலையில் ஹாலுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்ததால், இரண்டு வகுப்பையும் மாலையில் ஒன்றாக வைத்தேன். விதிப்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன், வேறு யார் வருவார்கள் என்று மூச்சு விடவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் உங்கள் அப்பாவும் அம்மாவும், கக்கத்தில் ஆளுக்கொரு பாயோடு, நேருக்கு நேர். நான் மேலே நின்று திருதிருவென்று விழிக்கிறேன். உங்கள் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "இவர் இங்க என்ன பண்றார் சம்பந்தி?" என்றார். இவர் யாரென்று நான் சொல்வதற்கில்லை என்றேன். பழக்கதோஷம்.

முதலில் சிரித்தது உங்கள் அப்பாதான். அப்புறம் அவர் தன் முழங்காலைச் சொன்னார், உங்கள் அம்மா தன் தோளைக் காட்டினார், அவ்வளவுதான், இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள். ராசியான கையோடு என் பக்கம் திரும்பினார்கள். தெரிந்துகொண்டே இத்தனை நாள் எங்களை ஆட்டி வைத்தாயே, எங்கள் விவரத்தையெல்லாம் அழித்துவிடு, வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டு, கைகோத்துப் படி இறங்கிப் போனார்கள். அவர்கள் விவரம் எழுதிய பேப்பரைக் கிழித்துவிட்டேன். என் மண்டைக்குள் இருக்கும் தோளையும் முழங்காலையும் எப்படி அழிப்பது? உங்கள் நாலு பக்கத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. அது என் பெண் காலத்துக்கும் போய் வர வேண்டிய வீடு. ஆகவே நீங்கள் உடனே அவர்களைக் கூப்பிட்டு, தப்பு மாமா மேல் இல்லை, என் மேல்தான் என்று சொல்ல வேண்டும்.

இவ்வளவு பட்ட பிறகும், அந்த நாலு பக்கத்தை அடுப்பில் போடுங்கள் என்று உங்கள் அத்தை தினமும் இடித்துச் சொன்ன பிறகும், நான் கொடுத்த வாக்கு வாக்குதான். என்னிடம் படிப்பவர் பற்றி ஒரு சொல் என் வாயிலிருந்து வராது. நீங்களே கேட்டாலும் வராது.

நீங்களும் என் மகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், மனம் நிறைந்து நெடுநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: ஞாயிறுதோறும் போனில் பார்த்துப் பார்த்து யோகா செய்யும் என் மகளும் என்னிடம் படிப்பவள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். என் மேல் அவ்வளவு கோபத்திலும் போன ஞாயிறு கூப்பிட்டு, "குப்புறப் படுக்கற ஆசனம் எல்லாம் இனிமே வேண்டாம்பா" என்றாள். காரணத்தையும் சொன்னாள், உங்கள் பிறந்தநாளன்று உங்களிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள். அது அவளுடைய சொந்த விவரம். புருஷனே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனால் நாளையிலிருந்து தண்ணீர் கேனை நீங்கள் தூக்குங்கள். அவளை ஸ்டூல் மேல் ஏற விடாதீர்கள். சின்ன அறையில் அடைத்து வைத்திருக்கும் உங்கள் பழைய கம்ப்யூட்டர்களைக் காலி செய்து, சுவருக்கு நல்ல நிறமாக ஒரு பெயின்ட் அடித்து வையுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை, இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.