தண்ணீர்த் தொட்டிக்கு எதற்குப் பச்சைப் பொட்டலம்?

இனி பொண்டாட்டியிடம் கேட்கப்போவதே இல்லை என்று கோ தெங்-ஃபா முடிவெடுத்துவிட்டான். கேட்டுக் கேட்டு அவமானப்பட்டது போதும்.

கோபம் வராமல் என்ன செய்யும்? ஊர் ஷின்ச்சு. உலகத்துக்கே கம்ப்யூட்டர் சில்லு செய்து அனுப்புகிற ஊர். மனுஷன் டவர் போடுகிற கம்பெனியில் பதினெட்டு வருஷமாகப் பொறியாளர். கையில் இருப்பது புத்தம் புதுச் சில்லு வைத்த போன். அதை வைத்துக்கொண்டு தன் வீட்டுக் கழிப்பறை ஜன்னலோரம் எக்கி நின்றால்தான் எதிராளி பேசுவது கேட்கும். சில்லுக்கும் பஞ்சமில்லை, சில்லென்ற காற்றுக்கும் பஞ்சமில்லை, டவருக்குத்தான் பஞ்சம்!

டவர் வைக்க அவன் குடியிருந்த பதினாலு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஆனால் குடியிருப்போர் சங்கத் தலைவி சம்மதிக்க வேண்டும். தலைவி பெயர் சின்-யே. அவன் பெண்டாட்டி. மொட்டை மாடி முழுக்கத் தெர்மோகோல் பெட்டிகளில் அவளுடைய சர்க்கரைவள்ளிக் கீரை.

"போன்ல அஞ்சாம் தலைமுறை வந்தாச்சுடி! உன் கீரைக்காக ஊரே காத்துக் கிடக்கணுமா?"

"வரட்டும். இந்தத் தலைமுறைக்குச் சாப்பிட்ட தட்டைக் கழுவத் தெரியுதான்னு முதல்ல பார்ப்போம்."

"நான் நாட்டு முன்னேற்றத்தைப் பத்திப் பேசுறேன்!"

"நான் நாலு நாளா சிங்க்ல கிடக்கிற கிண்ணத்தைப் பத்திப் பேசுறேன். கத்தாதீங்க."

"யாரு கத்துறா?"

"கீழ் வீட்டு நாய் குரைக்குது பாருங்க, அதைக் கேளுங்க. சரி, ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல இந்த டவர் விஷயமா என்ன நடந்துச்சுன்னா..."

"உங்க சங்கமும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம்!"

கதவை அறைந்துவிட்டுப் போனான். ஆபீசில் மேலாளர் ஷு அவனைவிடச் சூடாக இருந்தார்.

"யோவ், வெள்ளிக்கிழமைக்குள்ள உன் பேட்டையில சிக்னல் வரலைன்னா உனக்கு பெங்ஹூ தீவுக்கு மாற்றல். ரெண்டு வருஷம்!"

படகில் ஏறினாலே குடலைப் பிடுங்கிக்கொள்ளும் ஆள் தெங்-ஃபா. தீவு என்றதும் இங்கேயே தலை சுற்றியது. அந்த நேரம் பார்த்து சின்-யே மூன்று நாள் தைனானில் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் பஸ் ஏறிய அரை மணி நேரத்தில் இவன் ஆட்களோடு மாடி ஏறினான். எவர்சில்வர் மாதிரியே வண்ணம் அடித்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. உள்ளே டவருக்கான கருவி. பேருக்கு ஒரு குழாய்கூட உண்டு. ஏற்கெனவே ஆறு தொட்டி இருக்கிற மாடியில் ஏழாவதை எவள் எண்ணப்போகிறாள்!

ஒன்றே ஒன்று பாக்கி. அதைச் செய்யாமல் இந்த நாட்டில் எந்தப் பொறியாளனும் இயந்திரத்தைவிட்டு நகரமாட்டான். தேங்காய் வாசனை அடிக்கும் சோளப்பொரிப் பொட்டலம். உறைமேல் 'சமர்த்தா இரு' என்று போட்டிருக்கும். அதை இயந்திரத்தின் தலையில் வைத்தால் அது சமர்த்தாக ஓடும். உறை பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் இயந்திரம் முறைத்துக்கொள்ளும். தேதி தாண்டக் கூடாது. பொரியைத் தின்னவே கூடாது. தெங்-ஃபா தேதி பார்த்துப் பச்சைப் பொட்டலம் வைத்து, கும்பிட்டு, தொட்டியின் பக்கக் கதவைப் பூட்டினான்.

வியாழக்கிழமை சின்-யே திரும்பினாள். வந்ததும் மாடிக்குப் போனாள். வெகுநேரம் கழித்து இறங்கி வந்து சோறு போட்டாள்.

"புதுத் தொட்டி நல்லா இருக்குங்க."

அவனுக்குப் புரையேறியது. "ப... பழசு ஒழுகுச்சு."

"அப்படியா? இன்னும் கொஞ்சம் கறி வைக்கட்டுமா?"

பதினாறு வருஷமாக இவளோடு குடித்தனம் நடத்துகிறவன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டாமோ? இரண்டாம் தடவை கறி வாங்கித் தின்றான், மடையன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளர் ஷு அளவெடுக்கும் கருவியோடு மொட்டை மாடியில் நின்றார். சிக்னல் பூஜ்யம்.

"கதவைத் திறய்யா!"

திறந்தான். உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. இயந்திரத்தின் தலையில் ஜம்மென்று மஞ்சள் பொட்டலம்.

மேலாளர் துள்ளிப் பின்னால் போனார். "மஞ்சளா! அட பாவி, பதினெட்டு வருஷ சர்வீஸ்! உன்னை அனுப்பினா பெங்ஹூவும் நின்னுபோயிடும்யா!"

"சத்தியமா பச்சைதான் சார் வச்சேன்!"

"அப்ப இதென்ன, வெயில்ல பழுத்துடுச்சா?"

"நான்தான் சார் மாத்தினேன்." பூவாளியோடு கீரைப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எழுந்தாள் சின்-யே.

"அடியே! என் பொழைப்புலயே மண்ணைப் போட்டுட்டியே!" என்று அலறினான் தெங்-ஃபா.

"கீரைக்குத் தண்ணி பிடிக்கலாம்னு குழாயைத் திறந்தேன் சார். சொட்டுத் தண்ணி வரலை. சாவி இவர் பேன்ட் பாக்கெட்டுல இருந்துச்சு. துவைக்கிறது நான்தானே? திறந்து பார்த்தா பச்சைப் பொட்டலம். தண்ணித் தொட்டி சமர்த்தா இருக்கணும்னு எவனாவது பொட்டலம் வைப்பானா?"

மேலாளர் தன் ஆளை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "அந்தப் பச்சை எங்கேம்மா?"

"தின்னுட்டேன்."

மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு தாளை நீட்டினாள். ஐம்பத்தாறு வீட்டுக் கையெழுத்து.

"ஞாயித்துக்கிழமையே எல்லாரும் சம்மதிச்சாச்சு சார். கழிப்பறையில நின்னு போன் பேசணும்னு எனக்கு மட்டும் ஆசையா? இவர்கிட்ட சொல்ல வாயெடுத்தேன். சங்கமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்னுட்டார். கேட்காம என் மாடியில ஏறுவாரா? வயிறு எரியுது சார்!"

"அம்மா, நீங்க தெய்வம்! அந்தத் தாளைக் கொடுங்க!"

"ஒரு நிபந்தனை. இந்த இயந்திரத்தைப் பார்த்துக்க காலையில ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் ஓர் ஆள் வரணும். வர்றவர் என் முப்பத்திரண்டு கீரைப் பெட்டிக்கும் தண்ணி ஊத்தணும். இந்தத் தொட்டியிலதான் தண்ணி இல்லையே, மத்த ஆறும் வீடுகளுக்கு. கீழேர்ந்து வாளியில தூக்கிட்டு வரட்டும்."

மேலாளர் திரும்பிக்கூடப் பார்க்காமல் விரலை நீட்டினார். "இவன் வருவான்."

"சார், அப்ப பெங்ஹூ?" முதல் தடவையாக தெங்-ஃபாவுக்கு அந்தத் தீவு நல்ல தீவாகத் தெரிந்தது.

"பெங்ஹூ கேன்சல்!"

சின்-யே மாடிப்படி அறைக்குள் போய், தான் அணைத்து வைத்திருந்த மெயின் சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் எரிந்தன. "கரன்ட் இல்லாமத்தான் நின்னுச்சு சார்" என்று அவள் சொன்னதை மேலாளர் நம்பவில்லை. மஞ்சளை எடுத்தால்தான் ஆயிற்று என்றார். அவள் பையிலிருந்து இரண்டு பச்சைப் பொட்டலம் எடுத்தாள். ஒன்றை இயந்திரத்தின்மேல் வைத்தாள்.

"இன்னொண்ணு எதுக்கும்மா?"

அவள் அதைப் புருஷனின் அடையாள அட்டைக் கயிற்றில் கட்டி, நெஞ்சுக்கு நேராகத் தொங்கவிட்டாள்.

"இதுவும் சும்மா சும்மா சூடாகுது சார்."