பம்பர் மாட்டினதும் போகலாம்

மனிதர்களில் ஆயத்தக்காரர் என்றொரு இனம் உண்டு. பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஆளைப் பார்த்திருப்பீர்கள். இவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள், மகா பாவம். சோம்பேறி ஒரு காரியத்தைச் செய்யாமல் படுத்துக் கிடப்பார். ஆயத்தக்காரரோ அதே காரியத்தைச் செய்யாமல் ஓயாது ஓடியாடிக்கொண்டிருப்பார். நாளை முதல் காலையில் ஓடப்போகிறேன் என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, அதற்கான காலணியைப் பற்றி ஏழு மாதம் படிப்பார். படித்து முடித்ததும் உலகத்துக் காலணிகள் அத்தனையின் அடிப்பாகத்தைப் பற்றியும் உங்களை உட்காரவைத்து வகுப்பெடுப்பார். நீங்கள் கேட்டுக் களைத்து எழுந்திருக்கும் நேரத்தில், "காலணிகூட பரவாயில்லைங்க, சாக்ஸ்தான் முக்கியம்" என்று மறுபடி உட்காரவைப்பார். ஓடினாரா? அதெல்லாம் நாகரிகமில்லாத கேள்வி.

இந்த இனத்தில் கிளைகள் பல. காமிராக் கிளை, தோட்டக் கிளை, சமையலறையை இடித்துக் கட்டப்போகும் கிளை. இன்று நான் உங்களுக்குக் காட்டப்போவது ஜீப் கிளை. அதிலும் குறிப்பாகப் பின்பக்க பம்பர் என்னும் உட்கிளை. மாதிரிக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்திலேயே முதல் தரமான ஒருவர் இருக்கிறார். என் அக்காவின் கணவர். எனக்கு அத்தான்.

அத்தான் தங்கமான மனிதர். பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கடிப்பவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் தொழில் என்பதால், அளவு விஷயத்தில் ஆள் படு கறார். வீட்டில் புதிதாக ஒரு ஸ்டூல் வாங்கினால்கூட நாலு காலையும் தனித்தனியாக அளந்துவிட்டுத்தான் உட்காருவார். அதுவரை நாம் நிற்க வேண்டியதுதான்.

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றால் சாயங்காலம்தான் உட்காருவாள். அவள் அத்தானிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மலைமேல் ஓர் ஏரி இருக்கிறது. மழைக்குப் பிறகு நிறையும், மூன்று மாதம் தண்ணீர் நிற்கும், அப்புறம் வெறும் சேறு.

"ஏங்க, ஒரே ஒரு நாள் அங்க போய், தண்ணியில காலை விட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கணும். வேற ஒண்ணுமே வேணாம்."

இதைவிடச் சிறிய ஆசையை யாராவது ஆசைப்பட முடியுமா? ஆனால் ஆயத்தக்காரரிடம் சின்ன ஆசை என்று எதுவும் கிடையாது. ஆயத்தம் ஒன்றுதான் உண்டு. "அந்தப் பாதை எப்படிப்பட்டதுன்னு தெரியுமா உனக்கு? பாறையும் பள்ளமும். நம்ம சின்ன வண்டி தாங்காது" என்றார் அத்தான். அதற்காகவே ஒரு ஜீப் தேட ஆரம்பித்தார். தேடி, விசாரித்து, நிறம் ஒத்துவராமல் இரண்டைத் திருப்பி, கடைசியில் ஒன்றை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது ஏரி வற்றியிருந்தது. அது முதல் வருஷம். அக்கா வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மழை வந்தது. ஏரி நிரம்பிவிட்டது என்று கடைக்கு வந்த யாரோ சொன்னார்களாம். அக்கா வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தாள். அப்போது அத்தான் வாசலில், ஜீப்பின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் பம்பரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை வெச்சுக்கிட்டு மலை ஏற முடியாது. ஏதாவது பள்ளத்துல இறங்கி ஏறும்போது பின்னாடி தட்டிடும். வேற மாட்டணும். மாட்டினதும் போகலாம்."

அன்று அந்த வீட்டில் பிறந்த வாக்கியம் அது. மாட்டினதும் போகலாம். அதன் பிறகு அத்தானிடம் எந்தக் கேள்வி கேட்டாலும் இதே பதில்தான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் இதே பதில்.

பின் பம்பர் என்றால் ஏதோ இரும்புக் கட்டை என்று நினைக்கிற அப்பாவியா நீங்கள்? நானும் அப்படித்தான் இருந்தேன். அத்தான் என்னைத் திருத்தினார். குழாயை வளைத்துச் செய்தது ஒரு வகை. கனம் குறைவு, ஆனால் வண்டியின் இரண்டு பின் மூலைகளையும் காப்பாற்றாது. கெட்டித் தகட்டில் செய்தது இன்னொரு வகை. மூலையைக் காப்பாற்றும், ஆனால் கனம், வண்டியின் பின்பக்கம் அமுங்கிவிடும். அமுங்காமலிருக்க ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்த வேண்டும். உயர்த்திய வண்டிக்குச் சின்ன டயர் போட்டால் பார்க்கச் சகிக்காது, ஆகவே பெரிய டயர். பெரிய டயர் என்றால் பின்கதவில் தொங்கும் உபரி டயரும் பெரிதாகும். அந்தக் கனத்தைக் கதவின் கீல் தாங்காது. ஆகவே டயரைத் தாங்க ஒரு கை வைத்த பம்பர் வேண்டும். அது மூன்றாவது வகை. அதன் கனத்தில் பின்பக்கம் மறுபடி அமுங்கும்.

"அப்போ என்னதான் அத்தான் பண்றது?" என்றேன்.

"அதைத்தான் யோசிக்கிறேன் மாப்ளே" என்றார், முகமெல்லாம் மலர்ந்து. அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

இங்கேதான் அவர் தொழில் புத்தி வேலை செய்தது. சொத்தைப் பல்லைப் பிடுங்கினால்தான் புதுப் பல் கட்ட முடியும் என்ற நியாயத்தின்படி, எதை மாட்டுவது என்று முடிவாவதற்கு முன்பே பழைய பம்பரைக் கழற்றச் சொல்லிவிட்டார். பட்டறைக்காரர் இரண்டு தடவை கேட்டார். "சார், புதுசு வந்தப்புறம் கழட்டினா போதுமே?"

"இல்லப்பா. அளவு எடுக்கணும்னா இடம் சுத்தமா இருக்கணும்."

கழற்றிய பம்பரைப் பட்டறைக்காரர் இரண்டு கற்களின்மேல் வைத்து, வருகிறவர்கள் உட்காரப் பெஞ்சாக்கிவிட்டார். மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தாலும் அசையவில்லை என்று என்னிடம் பாராட்டினார். பள்ளத்தில் தட்டிவிடும் என்று பயந்த அதே பம்பர்தான். பம்பர் இல்லாத வண்டியில் எண் பலகையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. அதை ஓட்டிக்கொண்டு தொலைதூரம் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதால் வண்டி வாசலோடு சரி. குடும்பம் முன்போலவே பழைய சின்ன வண்டியில் நெருக்கிக்கொண்டு போனது. இரண்டாவது வருஷமும் ஏரி வற்றியது.

இந்த உட்கிளையை நீங்கள் தெருவில் அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் மனிதர்களை முகத்தை வைத்து நினைவில் வைத்துக்கொள்வார்கள்; இவர்கள் பின்பக்கத்தை வைத்து. சிக்னலில் பச்சை விழுந்தாலும் முன்னால் நிற்கும் ஜீப்பைப் பார்த்தபடி நிற்பார்கள். ஒருநாள் காய்கறி வாங்கப் போன இடத்தில், கட்டடத்தின் கீழ்த்தளத்து வண்டி நிறுத்தத்தில், யாரோ ஒருவருடைய ஜீப்புக்கு அடியில் அத்தான் மல்லாந்து படுத்துவிட்டார். காவலாளி வந்து காலைத் தட்டினார்.

"சார், வண்டி உங்களுதா?"

"இல்லப்பா. பம்பரை மட்டும் பாத்துக்கிட்டிருக்கேன்."

"மாட்டிக்கிறவங்க எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க."

நல்ல வேளை, வண்டியின் சொந்தக்காரர் வந்தார். கெட்ட வேளை, அவரும் அதே இனம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். அக்கா இரண்டு கையிலும் பையோடு லிப்ட் பக்கத்தில் நின்றாள், நாள் முழுக்க நின்ற அதே கால்களில். கிளம்பும்போது அந்த மனிதர் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அவசரப்பட்டு இதை மாட்டிட்டேன். நீங்க அந்தத் தப்பைப் பண்ணிடாதீங்க" என்றார். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது வருஷம் மழை தொடங்கியபோது அத்தான் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். முடிவு என்றால் பம்பர் அல்ல. பல்செட் வைப்பதற்கு முன் மெழுகில் ஒரு மாதிரி செய்து வாயில் வைத்துப் பார்ப்பார்களாம். அதுபோல மாதிரி பம்பர் செய்வது என்று முடிவு. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டி, மடித்து, ஒட்டி, கறுப்பு வர்ணம் பூசி, வெள்ளிக் காகிதத்தில் போல்ட்டுக்குத் தலைகள்கூட வைத்து, வண்டியின் பின்னால் கட்டினார். சும்மா சொல்லக்கூடாது, கைவேலை அபாரம். எதிர்வீட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர் நின்று பார்த்துவிட்டு, "பலே, இதான் வண்டிக்கே ஒரு கம்பீரம். எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். அத்தான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வெளியூர்லேருந்து வரவழைச்சேன்" என்றார். மூன்று வாரம் தெருவே மெச்சியது. நாலாவது வாரம் நல்ல மழை பெய்து, வெளியூர் பம்பர் வாசற்படியில் கஞ்சியாகக் கிடந்தது. ஆசிரியர் குடையைப் பிடித்தபடி அதைத் தாண்டிப் போனார். ஒன்றும் கேட்கவில்லை. படித்தவர்.

அந்த மழையில் ஏரியும் நிரம்பியது.

ஒரு விடுமுறை நாள். நானும் அங்கே இருந்தேன். அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறுமுனையை அத்தான். அக்கா சாப்பாட்டு டப்பாவைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏங்க, ஏரிக்குப் போயிட்டு வரேன்."

"மாட்டினதும் போகலாம்னு சொன்னேனே. இந்தத் தடவை கிட்டத்தட்ட முடிவாயிடுச்சும்மா."

"பரவாயில்ல. பஸ்ல போறேன்."

"பஸ்ஸா! அந்தப் பாதையில பஸ் எப்படிப் போகும்?"

"ஒரு நாளைக்கு மூணு தடவை போகுதாம். பின்னாடி என்ன பம்பர்னு நான் கேக்கல." செருப்பை மாட்டினாள். "நீங்களும் வாங்களேன். சீட்டு காலியாத்தான் இருக்குமாம்."

அத்தான் நாடாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதைப் பாதியில விட்டா அளவு மாறிடும்" என்றார். அக்கா தலையாட்டிவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள். கதவை அவள் அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மத்தியானம் அத்தானின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கண்டக்டரிடம் கொடுத்து எடுக்கச் சொன்னாளாம். அத்தான் பார்த்தார். இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"மாப்ளே, ஓடி வா, ஓடி வா."

ஓடினேன். படத்தின் ஓரத்தில், தூரத்தில், மரத்தடியில் ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் தெரியும்படி. இருவரும் தலையோடு தலை முட்ட அதைப் பார்த்தோம். மூலை எப்படி வளைந்திருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரம், இழுவைக் கொக்கி நடுவிலா ஓரத்திலா. கால் மணி நேரம். நான் ஒரு கருத்துச் சொன்னேன், அவர் மறுத்தார், நான் விடவில்லை. கைப்பேசி மணி அடித்தது. அக்கா.

"படம் வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு. ரொம்ப நல்லாருக்கும்மா."

"எது?"

அத்தான் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார்; நான் நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"எல்லாந்தான்" என்றார் ஒருவழியாக.

"ஓ" என்றாள் அக்கா. "சரி, கடைசி பஸ்ல வரேன். சாதம் அடுப்பு மேல இருக்கு."

அப்புறம்தான் படத்தைச் சுருக்கி முழுசாகப் பார்த்தோம். ஒரு பெரிய பாறை. அதன் விளிம்பில் அக்கா, சேலையை முழங்கால்வரை சுருட்டிச் செருகிக்கொண்டு, இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தாள். முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடியிருந்தாள். அப்படி அவள் முகத்தை நான் பார்த்துப் பல வருஷமாயிற்று. பக்கத்தில், பாறையில், இன்னொருவர் தாராளமாக உட்கார இடம் இருந்தது; அதில் சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தான் கடைசியில், "நானும் போயிருக்கணும் மாப்ளே" என்றார். குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது. நான் அவர் தோளைத் தட்டினேன். "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதுக்குள்ள மாட்டிடலாம்."

இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை. படத்தில் நின்ற அந்த ஜீப்பில் எந்த வகை பம்பர் இருந்தது என்று நான் சொல்லவே இல்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். உங்களுக்கு அது தோன்றவே இல்லையென்றால் பிழைத்தீர்கள், போய் நிம்மதியாக வேலையைப் பாருங்கள். ஆனால், "ஆமாம், அது எந்த வகைதான்?" என்று மனசின் ஓர் ஓரம் இவ்வளவு நேரம் அரித்துக்கொண்டிருந்தது என்றால், இதை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள். வீட்டில் யாராவது இந்நேரம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.