நலங்குக்கு முந்தின நாள் வேக்ஸிங்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் என்ன சொன்னாலும் பாதியிலேயே "சரி சரி, புரிஞ்சுது" என்று சொல்லிவிடுவேன். இதனால் என் கல்யாணமே நிற்கப் பார்த்தது. அதுவும் வெளியே சொல்லவே முடியாத ஒரு விஷயத்தில். (இப்போது சொல்கிறேன். நாற்பது நெருங்கினால் பாதி வெட்கம் தானாகவே போய்விடுகிறது.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை தினேஷ் ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பெரியவர்கள் பார்த்து வைத்த சம்பந்தம்தான். ஆனால் நிச்சயம் முடிந்த நான்கு மாதத்தில் போனில் பேசிப் பேசியே எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு புதுச்சேரி போவதாகத் திட்டம். அதற்காக பிகினி வேக்ஸிங் செய்துகொள்வது என்று நானாகவே முடிவெடுத்தேன். பிகினி என்ற துணியைக் கடைப் பொம்மையின் மேல்கூட நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

டோல்கேட் பக்கத்தில் ஒரு பார்லர். அதை நடத்திய அக்கா போனிலேயே பொறுமையாகச் சொன்னார். முதல் நாள் தேய்த்துக் குளி, ஆனால் மெல்லிய துணியால் லேசாக. எண்ணெய், கிரீம் எதுவும் பூசாதே. முக்கியமாக, விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. நான் "தேய்த்துக் குளி" வரைக்கும்தான் கேட்டேன். பீர்க்கங்காய் நாரை எடுத்து, மீனுக்குச் செதில் எடுப்பதுபோல வறட்டு வறட்டு என்று தேய்த்தேன். பார்லருக்குப் போனது வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை நலங்கு.

பார்த்ததுமே அக்கா, "இன்னாம்மா, பாதித் தோலை நீயே உரிச்சிக்கினு வந்துகீற" என்றார். இன்னொரு நாள் வா என்றார். நாளை மறுநாள் கல்யாணம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். முதல் இழுப்புக்கு நான் போட்ட சத்தத்தில், வெளியே புருவம் திருத்தக் காத்திருந்த பெண் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாளாம். முடிந்ததும் மறுபடி பாடம். எரிந்தால் சுத்தமான துணியில் ஐஸ் சுற்றி ஒற்றி எடு என்றார். நான் "ஐஸ்" வரை கேட்டேன். இரண்டு நாளைக்கு உப்பு, வெந்நீர், வியர்வை, இறுக்கமான துணி எதுவும் ஆகாது, கத்தாழை மட்டும் தடவு என்பதையெல்லாம் அவர் படியிறங்கிப் போகும் என் முதுகிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐஸுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? காலடிப்பேட்டையில் வீடு. அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவள். பின்கட்டில் ஐஸ் பெட்டி எப்போதும் நிறைந்திருக்கும். ஒரு கை அள்ளித் துண்டில் சுற்றி, பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு வைத்தேன். மீன் கெடாமல் இருக்க அம்மா அந்த ஐஸில் கல்லுப்பைக் கலந்து வைப்பாள். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த ஒரு நிமிஷம் மட்டும் தெரியவில்லை. உயிர் போய்த் திரும்பி வந்தது. வெளியே அம்மா, வஞ்சிரத்துக்கு வைத்திருந்த ஐஸை எந்தக் கழுதை எடுத்தது என்று கத்திக்கொண்டிருந்தாள். துண்டின் மறுமுனை என் வாய்க்குள் இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் என்னை மணையில் சம்மணம் போட்டு உட்கார வைத்தார்கள். நடுவில் எழுந்தால் ஆகாது என்று கண்டிப்பு. மே மாத வெயில், தகரப் பந்தல், பட்டுப் புடவைக்குள் இறுக்கிக் கட்டிய பாவாடை. பெண்கள் வரிசையாக வந்து கன்னத்திலும் கையிலும் எண்ணெயும் மஞ்சளும் பூசினார்கள். வியர்வை மட்டும் போகக் கூடாத இடத்துக்குப் போனது. என் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. அதைப் பார்த்து அம்மா அழுதாள். அம்மாவைப் பார்த்து தெருவே அழுதது. கடைசியில் மஞ்சள் கலந்த வெந்நீரை ஊற்றியபோது நான் "அம்மா" என்று அலறிவிட்டேன். அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு, "நான் எங்கியும் போவலடி" என்றாள். அழாமல் இருந்தவர் ஒருவர்தான், தினேஷின் அம்மா. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை தினேஷ் போன் செய்தார். குரலே சரியில்லை. அது பிறந்த வீட்டை நினைத்து அழுத அழுகை இல்லை, பெண்ணுக்குச் சம்மதமா என்று கேள் என அவர் அம்மா சொல்லிவிட்டாராம்.

"உனக்கு இஷ்டம் இல்லைனா இப்பவே சொல்லிடு. மண்டபம், ஜனம் எதையும் யோசிக்காத. பழிய நான் எம்மேல போட்டுக்கறேன்."

இப்படிப்பட்ட மனிதரையா ஒரு பிடி கல்லுப்புக்குப் பறிகொடுப்பது? நார், மெழுகு, ஐஸ் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எந்த இடத்தில் என்று மட்டும் வாய் வரவில்லை. மனிதர் மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை சொல்லித் தொலைத்தேன்.

அவர் மெதுவாக, "இன்னும் எரியுதா?" என்று கேட்டார்.

நான் அழுதேன். அன்றைக்கு எரிச்சலுக்காக இல்லாமல் அழுதது அப்போதுதான்.

ஒரு மணி நேரத்தில் வாசலில் நின்றார். மாப்பிள்ளை இப்போது வரக் கூடாது என்று அம்மா மறித்ததும் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இரண்டு கத்தாழை மடலும் தொளதொளவென்று ஒரு காட்டன் பாவாடையும் இருந்தன. இது என்ன சீர் என்று அம்மா குழம்பினாள். ராயபுரத்தில் அவர்கள் வீட்டு வழக்கம் என்று சொல்லி வைத்தேன். மறுநாள் தாலி ஏறியது அந்தப் பாவாடையில்தான்.

போன வருஷம் என் தம்பிக்குக் கல்யாணம். வரப்போகும் மருமகளுக்குக் கத்தாழையும் பாவாடையும் கொடுத்தே தீருவேன் என்று அம்மா நின்றாள். அது உங்கள் வழக்கம்தானே சம்பந்தி என்று எல்லார் முன்னாலும் என் மாமியாரைக் கேட்டும்விட்டாள். தினேஷ் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா சம்மந்தி, பரம்பரை பரம்பரையா செய்யறது" என்றார் மாமியார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

சமையல்கட்டில் அவர் தனியாக அகப்பட்டபோது, அந்தப் பை விஷயம் உங்களுக்கு எப்படி அத்தை தெரியும் என்று கேட்டேன்.

"ஆம்பளைக்குப் பாவாடை எடுக்கத் தெரியுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டார்.

இந்தத் தையில் தம்பி மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். அங்கேயும் கத்தாழை சொல்லி வைத்துவிட்டார்களாம்.