நாற்பத்தேழு குளம்பும் நாற்பத்தேழு பெட்டியும்

மரியாதைக்குரிய வெண்டல் மச்சான் அவர்களுக்கு,

ஃபார்கோவிலிருந்து ஆரின் எழுதுவது. இங்கே நானும் பனியும் சௌக்கியம். பனி என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். அங்கே நீங்களும் சோல்வெய்க் அக்காவும் உங்கள் கணக்குச் சூத்திரங்களும் நலமென்று நம்புகிறேன்.

போன நன்றித் திருநாளில் வான்கோழியை அறுத்துக்கொண்டே, "ஆய்வேட்ட லேடெக்ல எழுதுடா, பக்கத்தையெல்லாம் அதுவே அடுக்கிக் கொடுக்கற மென்பொருள். படத்துக்கு நான் ஒரு மேக்ரோ தரேன், சின்னக் கட்டளைதான், ஒரு வரி போட்டா அதுவா வந்து உக்காந்துக்கும்" என்று சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கணிதக் கட்டுரைகளில் படமே கிடையாது என்பதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். என் ஆய்வேடோ மாட்டுக் குளம்பு நோய் பற்றியது. நாற்பத்தேழு குளம்புப் படங்கள். இன்று பன்னிரண்டு மணிக்குள் ஏற்கப்பட்டால்தான் பட்டம்; பட்டம் இருந்தால்தான் திங்கட்கிழமை மாநிலக் கால்நடை ஆய்வகத்தில் வேலை. ஆறு வருஷமாகக் காத்திருந்த வேலை, மச்சான்!

உங்கள் மேக்ரோவிடம் "இங்கே" என்றேன். குளம்பு அடுத்த அத்தியாயத்துக்குப் போனது. ஆச்சரியக்குறி போட்டு "இங்கேயே!" என்றேன், நாற்பத்தேழும் கூட்டமாக ஓடி நூற்பட்டியலுக்குப் பின்னால் நின்றன. கூப்பிட்டால் மாடுகூட வரும், இதுகள் வரவில்லை. ஒருவழியாக இழுத்து வந்தால், ஒரு குளம்பு தாளைவிடப் பெரிதாகி ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தை அடிக்கோல் வைத்து அளக்கிற ஆய்வேட்டு அலுவலகத்துத் திருமதி வெர்னாவை உங்களுக்குத் தெரியாது. ஒரு நூல் நீட்டினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

தொலைபேசியில் உங்களிடம் அழுதேன். "முதல் வரியில டிராஃப்ட்னு ஒரு வார்த்தை சேர்த்துக்க. படத்துக்குப் பதிலா அதே அளவுல காலிப் பெட்டிதான் வரும், உள்ள கோப்புப் பேரு இருக்கும். சீக்கிரம் ஓடும். கடைசில எடுத்துடு" என்றீர்கள். சேர்த்தேன். சீக்கிரம் ஓடியதால் ஒவ்வொன்றாக அளவைக் குறைத்துப் பார்க்க முடிந்தது. எல்லாப் பெட்டியும் ஓரத்துக்குள் அடங்கியது. அந்தச் சந்தோஷத்தில் வார்த்தையை எடுக்க மறந்து, அச்சடித்து, இன்று காலை என் ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் ருஸ்டாடுக்கு ஒன்றும் வெர்னாவுக்கு ஒன்றும் கொடுத்துவிட்டேன்.

பத்து மணிக்குக் கூப்பிட்டார் பேராசிரியர். போனேன். பன்னிரண்டாம் பக்கத்தில் விரலை வைத்திருந்தார். குளம்பு இல்லை. பெட்டிக்குள், அந்தப் படக் கோப்புக்கு நான் எரிச்சலில் வைத்த பெயர், 'கிழவன்-கேட்ட-படம்-மறுபடியும்' என்றிருந்தது.

"ஆரின், யாருப்பா இந்தக் கிழவன்?"

"சார்... அது வந்து..."

"பதினெட்டாம் பக்கத்துல 'கிழவனுக்குக்-கண்-தெரியாது'ன்னு போட்டிருக்கு. நல்லாத்தான் தெரியுது."

"மன்னிச்சிடுங்க சார்."

"வெளிய உக்காரு. மிச்சத்தையும் படிச்சிட்டுச் சொல்றேன்."

அந்த நாற்காலியிலிருந்துதான் எழுதுகிறேன். மணி பதினொன்றரை. மிச்சத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கை முடிந்தது, மச்சான். திங்கட்கிழமை முதல் மாமனாரோடு பனி தள்ளும் வண்டி ஓட்டப் போகிறேன். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உங்கள் மேக்ரோவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இல்லத்தில் எல்லாப் படங்களும் சுவரில் மாட்டிய இடத்திலேயே நிற்கட்டும் என்று வேண்டும்,
ஆரின்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார்! "ஆறு வருஷத்துல நீ வெளிப்படையா எழுதினது இந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான்" என்றார். டிராஃப்டை எடுத்து, புதிதாக அச்சடித்து, மூச்சிரைக்க வெர்னாவிடம் ஓடினேன். அதற்குள் முத்திரை குத்திவிட்டார். "முப்பது வருஷத்துல இப்படி ஒழுங்கான ஓரம் பாத்ததே இல்லப்பா. இனிமே ஒரு தாளையும் மாத்த முடியாது" என்கிறார். பட்டம் உண்டு, வேலை உண்டு. நூலகத்தில் என்றென்றைக்கும் நாற்பத்தேழு காலிப் பெட்டிகளும் உண்டு. அக்கா ஒரு பிரதி கேட்டிருந்தாள், இதோடு அனுப்பியிருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் அவள் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் கிழித்துவிடுங்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது உங்கள் பெயர்.