மாமியாரின் ஒயினைத் துப்பிய கதை

இரண்டு மணி நேரப் பயிற்சியில் யாரையும் நிபுணராக்கிவிட முடியாது. ஆனால் நிபுணர் என்று நம்ப வைத்துவிடலாம். கையில் ஒரு சான்றிதழையும் கொடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நான் ஒயின் சுவைப்பதில் சான்றிதழ் வாங்கியவள். அதை இப்போது பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். என் கல்யாண ஆல்பத்தைக்கூட அவ்வளவு பத்திரமாக வைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் வேலை பார்த்தபோது, எங்கள் குழுவை நந்தி மலைப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே டை கட்டிய ஒருவர் ஒயினை எப்படிச் சுவைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். கோப்பையைச் சுழற்ற வேண்டும். மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கின் நாலு பக்கமும் உருட்ட வேண்டும். கடைசியில் பக்கத்திலிருக்கும் வாளியில் துப்பிவிட வேண்டும். “நிபுணர்கள் விழுங்குவதில்லை. விழுங்கினால் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்” என்றார்.

நான் மதுரைக்காரி. அதுவரை என் வாழ்க்கையின் உச்சபட்ச பானம் ஜிகர்தண்டா. முதல் கோப்பையில் வெள்ளை ஒயின். சுற்றியிருந்தவர்கள் பச்சை ஆப்பிள், வெண்ணெய் என்றெல்லாம் சொன்னார்கள். எனக்கு அது நெல்லிக்காய் ஊறுகாய் பாட்டிலைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. (வெளியே சொல்லவில்லை.) அடுத்து சிவப்பு. ஒருவர் “பழைய தோல் செருப்பு” என்றார். திட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை, பாராட்டாம்! என் முறை வந்தது. வாயில் வந்ததை உளறினேன்: “நன்னாரி சர்பத்.”

“பிரமாதம்!” என்று கைதட்டினார் அவர். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

அடுத்த வருடம் மே மாதம் எனக்கும் ஷாஜினுக்கும் கல்யாணம். அவருடைய ஊர் பாறசாலைக்குப் பக்கத்தில், எல்லையோரக் கிராமம். அங்கே பேசுகிறவர்கள் வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள். நான் நடுவில் எங்கேயாவது இறங்கிவிடுவேன். மாமியார் பாறசாலை ஜங்ஷனில் தையல் கடை வைத்திருக்கிறார். நறுக்கென்று பேசுவார், நறுக்கென்று வெட்டுவார். அவர் போடும் கிறிஸ்துமஸ் ஒயினுக்குச் சபையில் பெரிய பெயர் உண்டு. மற்ற பெண்கள் என்ன அளவு, எத்தனை நாள் என்று கேட்டால் சிரிப்பார். அவ்வளவுதான் பதில்.

முதல் கிறிஸ்துமஸுக்கு பெங்களூரிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை பதினொரு மணிக்கு மாமியின் இரண்டு சகோதரிகளும் வந்தார்கள். மூத்தவர் அம்பூரிக்காரர், ரப்பர் தோட்டம் உள்ளவர். பெரியம்மாவை அங்கே பெரியம்மை என்பார்கள். இளையவர் கடற்கரை ஊரான பொழியூரில் இருக்கும் சித்தி. இருவர் கையிலும் ஆளுக்கொரு ஒயின் பாட்டில். வருடா வருடம் மூன்று பேரும் அவரவர் போட்ட ஒயினை ஒன்றாக உட்கார்ந்து குடிப்பது அந்த வீட்டு வழக்கம். யாருடையது நன்றாக இருக்கிறது என்று மட்டும் யாரும் சொன்னதில்லையாம். முப்பது வருட சமாதானத்தின் ரகசியம் அதுதான்.

அதை ஒரே வாக்கியத்தில் கெடுத்தவர் என் கணவர்.

“ஜெனி வைன் படிச்சவளாக்கும். சர்டிபிகேட்டு உண்டு.”

“வைனுக்கும் படிப்பு உண்டா?” பெரியம்மையின் கண் விரிந்தது. “அப்ப மருமகளு சொல்லட்டு, யாருக்க வைன் கொள்ளாம்ணு.” (கொள்ளாம் என்றால் ‘நன்றாக இருக்கிறது’.)

நான் அந்த இடத்தில் “ஐயோ, எனக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லியிருக்க வேண்டும். உண்மையும் அதுதான். ஆனால் நான் என்ன செய்தேன்? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “யாரோடதுன்னு எனக்குத் தெரியக்கூடாது. நம்பர் போட்டுக் கொடுங்க. அப்புறம், ஒரு காலிப் பாத்திரம் வேணும்” என்றேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

ஷாஜின் மூன்று கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு எவர்சில்வர் கிண்ணம். எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

ஒன்றாம் நம்பர் அன்னாசிப்பழ ஒயின். சுழற்றினேன். கொஞ்சம் மேஜை விரிப்பிலும் சுழன்றது. முகர்ந்தேன். துப்புவதற்குக் கூச்சமாக இருந்ததால் முழுசாகக் குடித்தேன். தொண்டை வழியாக ஒரு சூடு இறங்கியது. வீட்டு ஒயின் என்று சாதாரணமாக நினைத்திருந்தேன். அது என்னைச் சாதாரணமாக நினைக்கவில்லை.

“இதுல ஒரு ரப்பர் ஷீட் வாசனை இருக்கு” என்றேன், பழைய தோல் செருப்பைப் பாராட்டிய அதே தொனியில்.

“எனக்க வைன்லயா?” பெரியம்மை எழுந்தே விட்டார். “நான் என்ன, ஷீட் அடிக்கிய எடத்துலயா வைன் போட்டேன்?”

“இல்ல பெரியம்மை, அது ரொம்ப உயர்ந்த…”

“ரப்பருக்கு வெல உயர்ந்தா செரி. வைன்ல எதுக்கு ரப்பர்?”

ஒன்றாம் நம்பர் யாருடையது என்ற ரகசியம் அத்தோடு முடிந்தது. அவசரமாக இரண்டாம் நம்பரை எடுத்தேன். இஞ்சி ஒயின். அதையும் குடித்தேன். காது மடல் வரை சுட்டது. இந்த முறை இதமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று யோசித்து, “கடல் காத்து மாதிரி இருக்கு. லேசா ஒரு உப்பு” என்றேன்.

“உப்பா?” பொழியூர் சித்தி ஷாஜின் பக்கம் திரும்பினார். “எலே, ஒனக்க பெண்டாட்டி சொல்லியத கேட்டியா? மீன் கழுவின குப்பீலயா நான் வைன் கொண்டு வந்தேன்?”

மிச்சமிருந்தது மூன்றாம் நம்பர். அது யாருடையது என்று கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை. மாமி புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தம்ளரில் ஒயின் கறுஞ்சிவப்பாக, அசையாமல் இருந்தது. எனக்கோ சுவரில் தொங்கிய காலண்டர் அசைவதுபோல் இருந்தது. வெறும் வயிற்றில் இரண்டு தம்ளர்.

ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்தது. மற்றவர்களுடையதைக் கோமாளித்தனமாகக் குடித்துவிட்டேன். மாமியுடையதை முறைப்படி சுவைக்க வேண்டும். அதுதான் மரியாதை. அந்த டைக்காரர் சொன்ன எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன். பார்த்தேன். சுழற்றினேன். முகர்ந்தேன். வாயில் வைத்துக் கண்ணை மூடி உருட்டினேன். பிறகு, மிகுந்த மரியாதையோடு, கிண்ணத்தில் துப்பினேன்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று சகோதரிகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு அதில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அவர் எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டார்.

“மோளே, தல சுத்துதா?”

“ஆமா மாமி.” (நூற்றுக்கு நூறு உண்மை.)

“நேத்து சோறும் எறங்கல்ல, இல்லியா?”

“ஆமா மாமி.” (முதல் நாள் சாயங்காலம் பிளம் கேக்கை அரைக் கிலோ தின்றிருந்தேன்.)

குரலைத் தாழ்த்தி, ரொம்பக் கனிவாக, “விசேஷம் உண்டா மக்கா?” என்று கேட்டார்.

துப்பியதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, தன் ஒயினில் என்ன விசேஷம் என்றுதான் கேட்கிறார் என்று எனக்கு உயிர் வந்தது. “உண்டு மாமி!” என்று அடித்துச் சொன்னேன். “ரொம்ப விசேஷம் உண்டு!”

பெரியம்மை “என் ஆண்டவரே!” என்று நெஞ்சில் கை வைத்தார். சித்தி என்னைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். ஷாஜினின் வாய் திறந்தபடியே நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் எந்த விசேஷத்துக்கு ஆமாம் சொல்லியிருக்கிறேன் என்று.

ஷாஜின் என்னை அடுக்களைக்கு இழுத்துப் போனார். அவர் கண் கலங்கியிருந்தது. “எனக்கிட்ட நீ சொல்லவே இல்லியே ஜெனி.”

“நான் ஒயினைச் சொன்னேங்க!”

கலங்கிய கண் காய இரண்டு விநாடி ஆனது. “அப்ப போய்ச் சொல்லிடு.”

“என்னன்னு சொல்றது? கர்ப்பம் இல்ல, உங்க ஒயினைத்தான் துப்பினேன்னா?”

அவர் யோசித்தார். பிறந்ததிலிருந்து அந்தத் தாயை அறிந்த மனிதர். “வேண்டாம்” என்றார். “பெங்களூரு போயிட்டு போன்ல சொல்லுவோம்.”

எங்கள் கோழைத்தனத்துக்கு அந்த வீட்டின் வேகம் அவகாசம் தரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது மேஜையிலிருந்த அன்னாசியும் பப்பாளியும் மறைந்திருந்தன. பெரியம்மை என்னை மன்னித்திருந்தார். “வயித்துல பிள்ள உண்டுண்ணா எல்லாம் ரப்பர் மாதிரிதான் நாறும். எனக்கும் அப்படித்தான் இருந்துது” என்றார். மதுரையில் என் அம்மாவுக்குப் போன் போயிருந்தது. ஸ்பீக்கரில் அம்மா, “ஏன்டி, பெத்தவகிட்ட சொல்லணும்னு தோணலையாடி உனக்கு?” என்று அழுதுகொண்டிருந்தாள். நான் “அம்மா… அது வந்து…” என்பதற்குள் வாசலில் பைக் சத்தம். சபைப் போதகர் கிறிஸ்துமஸ் சந்திப்புக்கு வந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் அவரை அச்சன் என்பார்கள்.

செருப்பைக் கழற்றுமுன்பே அவருக்கு விஷயம் சொல்லப்பட்டுவிட்டது. “ஸ்தோத்திரம்! முதல்ல ஜெபிப்போம்” என்றார். எல்லோரும் தலை குனிந்தோம்.

“ஆண்டவரே, இந்த மகளுக்கு நீர் தந்திருக்கிற கர்ப்பத்தின் கனிக்காக…”

நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எதிரே மாமி. பாலராமபுரம் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நறுக்கென்று பேசுகிற அந்த மனுஷி சத்தமே வராமல், தோள் குலுங்க, சந்தோஷத்தில் அழுதார். அதுவரை எனக்கிருந்தது பயம். அதைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

“அச்சா, நிறுத்துங்க!” என்று கத்திவிட்டேன். “நான் கர்ப்பமில்ல. மாமியோட ஒயினைத்தான் துப்பினேன்!”

அச்சன் கண்ணைத் திறக்கவில்லை. “உண்மையைச் சொல்ல இந்த மகளுக்குத் தைரியம் தந்ததற்காகவும் நன்றி. ஆமேன்” என்று முடித்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார்.

மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“அப்ப வைன் கொள்ளாதா?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டைக்காரர், வாளி, விழுங்காத நிபுணர்கள். மாமி முழுவதையும் கேட்டார்.

“வாயில வச்சதத் துப்பதுக்கா நீ காசு குடுத்துப் படிச்ச?”

“ஆபீஸ்ல குடுத்தாங்க மாமி.”

மாமி எழுந்து போய் ஒரு தம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு வந்தார். “இந்தா. முழுங்கு. பிறகு பற.” (பற என்றால் ‘சொல்’.)

குடித்தேன். முதலில் கிராம்பு வந்தது. பின்னால் கருக்கிய சர்க்கரையின் லேசான கசப்பு. விழுங்கிய பிறகுதான் திராட்சை வந்தது, மெதுவாக, வெகு நேரம் போகாமல் நின்றது. அதைத் துப்பியவளுக்கு அதில் பாதிகூடத் தெரிந்திருக்காது. நான் கற்ற வார்த்தைகளில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

“நல்லா இருக்கு மாமி. இன்னும் கொஞ்சம் தாங்க.”

“இது படிச்சவ சொல்லியதா, பயந்தவ சொல்லியதா?”

“குடிச்சவ சொல்றது மாமி.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஊற்றினார். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் போனில் என்னிடம் பேசவில்லை. ஷாஜினிடம் மட்டும், “ஒனக்க டாக்டர் சுகமா இருக்காளா?” என்று கேட்பார். (ஒயினில் டாக்டர் பட்டமாம்.)

அந்தக் குடும்பத்தில் அதற்கப்புறம் யாரும் சும்மா “விசேஷம் உண்டு” என்று சொல்ல முடியாது. உடனே கேட்பார்கள்: “வயித்துலயா, குப்பியிலயா?” துபாயிலிருந்து பெரியம்மையின் மகள் போன் செய்து நல்ல செய்தி சொன்னபோதும் இதைத்தான் கேட்டார்கள். கோட்டயத்துக்காரரான அவள் கணவருக்கு இன்னும் அர்த்தம் தெரியாது.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் காலை நான் மாமிக்குப் போன் செய்தேன். “மாமி, விசேஷம் உண்டு.”

மறுமுனையில் தையல் மிஷின் நின்றது. “வயித்துலயா, குப்பியிலயா?”

“வயித்துல மாமி. சத்தியமா.”

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. “செரி மக்கா. ஒடம்பப் பாத்துக்க. ஆனா அச்சனுட்ட நான் இப்பம் சொல்லமாட்டேன்.”

சொன்னபடியே செய்தார். ஏழு மாத வயிற்றோடு நான் ஆலயத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தபோதும், அச்சன் என் வயிற்றையும் மாமியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபோதும், மாமி வாயைத் திறக்கவில்லை. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தாள். அவளைக் கையில் வாங்கி, பத்து விரலையும் எண்ணி, ஒரு தடவை அழவும் கேட்ட பிறகுதான் மாமி போனை எடுத்தார்.

“அச்சா, இனி ஜெபிக்கலாம்.”